ஈரல் தரும் அவகாசத்தை நாம் பறிக்கலாமா?

க.பொ.த. உயர்தரம், உயிரியல் பிரிவு மாணவி

மதுவைப் பற்றி ஒரு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஹராம் என்ற ஒரே சொல்லில் முடிந்துபோன விடயம் அல்லவா? தீர்ப்பைப் பொறுத்தவரை முடிந்ததுதான். அதில் எனக்கும் இரண்டாவது கருத்து இல்லை, இதை வாசிக்கும் உங்களுக்கும் இருக்காது. ஆனால் தீர்ப்பு முடிந்த இடத்தில் மனிதர்களின் பிரச்சினை முடிந்துவிடவில்லை. எங்கள் ஊர்களில் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எமது சமூகத்தவரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உம்மா இருக்கிறார், மனைவி இருக்கிறார், மகள் இருக்கிறாள். வாப்பா இன்றைக்கு எப்படி வீட்டுக்கு வருவாரோ என்று படலையைப் பார்த்துக்கொண்டு இரவு படிக்கும் பிள்ளைகள், பகலில் எங்களோடு ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள். அவர்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை.

ஆகவே மது கூடாது என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அதை நாம் குர்ஆன் மத்ரஸாவிலேயே படித்துவிட்டோம். குடித்துவந்த ஒருவர் அதை விட்ட பிறகு அவருடைய ஈரலுக்குள் என்ன நடக்கிறது, அவரைச் சுற்றியிருக்கும் நாம் என்ன செய்கிறோம் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகவே எழுதுகிறேன். விட்டவருக்கு ஈரல் அவகாசம் கொடுக்கிறது. நாம்தான் கொடுக்க மறுக்கிறோம். இதுவே நான் சொல்ல வரும் கருத்து.

வன்னியில் இது சின்ன விடயம் அல்ல. 2009 இல் யுத்தம் முடிந்து மக்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பியபோது, வீட்டையும் வயலையும் உறவுகளையும் இழந்த பலர் மதுவின் பக்கம் சாய்ந்தார்கள். மனநல வைத்திய நிபுணர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போருக்குப் பிந்திய வடக்கைப் பற்றி எழுதியபோது, மதுப் பாவனை பெருகியதை ஒரு சமூகம் பட்ட காயத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே காட்டினார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்துத் திரும்பிய எமது குடும்பங்களுக்கும் இழப்பு என்றால் என்னவென்று தெரியும். தவறணையும் வைன் கடையும் எல்லாச் சமூகத்துக்கும் ஒரே வீதியில்தான் இருக்கின்றன. 2024 இல் புதிய மதுபானசாலை அனுமதிப்பத்திரங்கள் பற்றிய பேச்சு பாராளுமன்றம் வரை போனபோது கிளிநொச்சியின் பெயரும் அதில் அடிபட்டதை, வீட்டில் செய்தி பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவற்றுக்கெல்லாம் வெளியே கசிப்பு இருக்கிறது. அதற்கு அனுமதிப்பத்திரமும் இல்லை, கடை மூடும் நேரமும் இல்லை.

ஈரலுக்குள் நடப்பது

அல்ககோல் என்ற சொல்லே அரபு மொழியிலிருந்து போனதுதான். கண்ணுக்கு இடும் சுர்மாவைக் குறிக்கும் 'அல் குஹ்ல்' என்ற சொல் ஐரோப்பாவுக்குப் போய், நுண்ணிய தூளுக்கும் பின்னர் வடித்தெடுத்த திரவத்துக்கும் பெயராகி, கடைசியில் மதுவில் இருக்கும் பொருளுக்கே பெயராக நிலைத்துவிட்டது.

வலது பக்க விலா என்புகளுக்குக் கீழே, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறையில் இருக்கும் ஈரல்தான் உடம்பின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது. உணவிலிருந்து வரும் குளுக்கோசைக் கிளைக்கோசனாகச் சேமிப்பது, பித்தத்தைச் சுரப்பது, காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்து கொடுப்பது, நாம் விழுங்கும் குளிசைகளைப் பிரித்து வெளியேற்றுவது எல்லாம் அதன் அன்றாட வேலைகள். ஒருவர் குடிக்கும் அல்ககோலில் மிகப் பெரும் பகுதியை அகற்றுவதும் ஈரலின் தலையில்தான் விழுகிறது. ஈரற் கலங்களிலுள்ள ஒரு நொதியம் எதனோலை எதனலாக மாற்றுகிறது. எதனல், எதனோலைவிடக் கொடிய நஞ்சு. இன்னொரு நொதியம் அதை வினாகிரியில் இருக்கும் அமிலமாக மாற்றுகிறது. இந்த வேலைக்கு ஒரு வேகம் உண்டு. ஒரு மணித்தியாலத்தில் ஏழு முதல் பத்துக் கிராம் வரையான அல்ககோலைத்தான் பெரும்பாலானவர்களின் ஈரலால் அகற்ற முடியும். மோர் கொடுத்தாலும், தேசிக்காய்ச் சாறு கொடுத்தாலும், தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. அல்ககோலை அகற்றும் வேலையில் ஈரல் மாட்டிக்கொண்டிருக்கும்போது, கொழுப்பை எரிக்கும் வேலை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. எரியாத கொழுப்பு ஈரற் கலங்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

கேடு இங்கிருந்து மூன்று படிகளில் ஏறுகிறது. முதற் படி கொழுப்பு ஈரல். நீண்ட காலம் அதிகமாகக் குடிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இது வந்துவிடும். வலி இருக்காது, வெளியில் ஓர் அறிகுறியும் தெரியாது. இரண்டாம் படி அழற்சி. கண்ணும் தோலும் மஞ்சளாகும், காய்ச்சல் வரும், சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளிக்கும். மூன்றாம் படியைத்தான் வைத்தியர்கள் சிரோசிஸ் என்கிறார்கள். கலங்கள் இறந்துபோன இடங்களில் வடு நார்கள் படிந்து, ஈரல் கட்டிபட்டுச் சுருங்கிவிடும். அதனூடாகப் போக முடியாத இரத்தம் வேறு வழி தேடும். உணவுக்குழாயின் நாளங்கள் வீங்கி, வெடித்தால் இரத்த வாந்தி வரும். வயிற்றில் நீர் கட்டும், புத்தி குழம்பும். அதிகம் குடிப்பவர்கள் எல்லாரும் இந்த மூன்றாம் படிக்கு வருவதில்லை. பத்தில் ஒருவர் அல்லது இருவர் என்ற அளவிலேயே வருகிறார்கள். ஆனால் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது.

விட்ட நாளிலிருந்து

ஈரலுக்கு மற்ற உறுப்புகளுக்கு இல்லாத ஓர் இயல்பை அல்லாஹ் கொடுத்திருக்கிறான். இழந்ததை அது மீண்டும் வளர்த்துக்கொள்ளும். 1931 இல் ஹிக்கின்ஸ், அண்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். எஞ்சிய பங்கு இரண்டு வாரங்களுக்குள் பழைய நிறைக்கு வளர்ந்துவிட்டது. இன்றைக்கு உயிரோடிருக்கும் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியை மகனுக்கோ சகோதரிக்கோ தானம் செய்ய முடிகிறதென்றால், அதற்கும் இந்த இயல்புதான் காரணம். எங்கள் நாட்டில் ராகமையிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது.

குடியை நிறுத்தியவருடைய ஈரலிலும் இந்த இயல்பு வேலை செய்கிறது. முதற் படியில் இருந்தவர் முற்றாக நிறுத்தினால், இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் தேங்கிய கொழுப்பு பெரும்பாலும் கரைந்துவிடும். இரத்தப் பரிசோதனையில் ஏறிக்கிடந்த ஈரல் நொதியங்களின் அளவு வாரக்கணக்கில் இறங்கும். அழற்சி தணிய மாதங்கள் எடுக்கும். வடுவின் ஒரு பகுதிகூட ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையலாம்.

சிரோசிஸ் வந்தவருக்கு என்ன? ஈரல் பழைய ஈரலாகாது, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் நிறுத்துவதால் பயன் இல்லை என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பவல், கிளாட்ஸ்கின் என்ற இருவரும் 1968 இல் வெளியிட்ட ஆய்வில், சிரோசிஸ் வந்த பிறகு மதுவை விட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் ஐந்து ஆண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தார்கள். தொடர்ந்து குடித்தவர்களில் அப்படி இருந்தவர்கள் ஏறத்தாழ 40 பேர். மருந்துகள் இன்றைய அளவுக்கு இல்லாத காலத்தில், நிறுத்தியது ஒன்றே செய்த வித்தியாசம் இது.

ஒரு நகரமே இதற்குச் சாட்சி சொன்னதும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மனி பிரான்ஸைக் கைப்பற்றியிருந்த காலத்தில், பாரிஸ் நகரத்தில் வைன் பங்கீட்டு அட்டைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் அங்கே சிரோசிஸால் இறப்பவர்களின் தொகை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. யுத்தம் முடிந்து வைன் திரும்பியதும் இறப்பும் திரும்ப ஏறியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சிரோசிஸ் உண்டாகப் பத்து, இருபது ஆண்டுகள் எடுக்கும். அப்படியென்றால் ஓரிரு ஆண்டுகளில் உயிர் தப்பியவர்கள் ஏற்கெனவே ஈரல் கெட்டுப்போயிருந்தவர்கள்தான். "இனி விட்டு என்ன பயன்" என்று ஊரார் கைகழுவியிருக்கக் கூடியவர்கள் அவர்கள்.

நோன்பு மாதத்தில் விடுகிறவர்கள்

எங்கள் ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு வழக்கம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் குடிக்கும் சிலர் தலைப்பிறை கண்டதும் விட்டுவிடுவார்கள். முப்பது நோன்பும் பிடிப்பார்கள், தராவீஹுக்கு வருவார்கள். பெருநாள் கழிந்து ஒரு கிழமைக்குள் பழைய இடத்துக்குப் போய்விடுவார்கள். அதைப் பார்த்து "றமழான் முஸ்லிம்" என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், லண்டனில் வழக்கமாகக் குடிக்கும் 94 பேர் ஒரு மாதம் மதுவை முற்றாக விட்டிருந்தார்கள். அந்த ஒரு மாதத்தில் அவர்களுடைய உடம்பு இன்சுலினுக்குக் காட்டிய எதிர்ப்பு கால் பங்கு அளவுக்குக் குறைந்தது. இரத்த அழுத்தமும் நிறையும் இறங்கின. அவர்கள் ஒரு மாதத்தில் அடைந்ததைத்தான் எங்கள் ஊரிலிருப்பவரும் றமழானில் அடைந்திருப்பார். அவருடைய ஈரல் முப்பது நாள் ஆறுதலாக மூச்சுவிட்டிருக்கும். அவரால் விட முடியும் என்பதற்கு அந்த மாதமே சான்று. ஷவ்வால் முதற் பிறையில் அவருக்குத் தேவைப்பட்டது முப்பத்தோராவது நாளுக்கு ஒரு துணை. அந்த நேரத்தில் நாம் கொடுத்தது ஒரு பட்டப்பெயர்.

இதே இடத்தில் பெற்றோர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. நாளாந்தம் அதிகமாகக் குடித்து உடம்பு அதற்குப் பழகிப்போன ஒருவர், திடீரென்று ஒரே நாளில் தானாக நிறுத்துவது எப்போதும் பாதுகாப்பானது அல்ல. மது மூளையை அடக்கி வைக்கிறது, மூளை அதற்கு ஈடுகொடுத்துத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. மது சட்டென்று நின்றதும் அந்த வேகம் கட்டவிழ்ந்து ஓடும். ஆறு மணித்தியாலத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது. சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியும். இது உயிரைப் பறிக்கக் கூடியது. ஆனால் வைத்தியசாலையில் இதற்கு மருந்து இருக்கிறது. சில நாட்களுக்கு மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், விற்றமின் பி1 கொடுப்பார்கள். ஆகவே நாளாந்தம் குடித்தவர் நோன்போடு விட நினைத்தால், பிறை தெரிவதற்கு முன்பே வைத்தியரிடம் போக வேண்டும். நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்திக் கழாச் செய்யும் சலுகையை மார்க்கம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.

மறைப்பதால் வரும் கேடு

வைத்தியரிடம் போவது இருக்கட்டும், போன இடத்தில் நாம் உண்மையைச் சொல்கிறோமா? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை, யார் என்று தெரியாதபடி சொல்கிறேன். மேசன் வேலை செய்யும் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து வாட்டில் அனுமதிக்கப்பட்டார். குடிக்கும் பழக்கம் இருக்கிறதா என்று கேட்டார்கள். "நாங்க முஸ்லிம் ஆக்கள் டொக்டர், அப்படி ஒன்றும் இல்லை" என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் இரவு அவர் நடுங்கத் தொடங்கினார். சேலைன் குழாயைப் பிடுங்கினார். சுவரில் பாம்பு போகிறது என்று கத்தினார். ஜின் பிடித்துவிட்டது என்று சொல்லி, ஓதிய தண்ணீர் கொண்டுவர ஆள் அனுப்பினார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்த அவருடைய மகள்தான் தாதியைத் தனியாகக் கூப்பிட்டாள். "மிஸ், வாப்பா ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர். வந்த நாளிலிருந்து குடிக்கவில்லை" என்றாள். அதன் பிறகு சரியான மருந்து ஏறியது. அவர் பிழைத்தார்.

ஓதிப் பார்ப்பதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஒரு பொய்யை நடுவில் வைத்துக்கொண்டு ஓதினால் மருந்து எங்கிருந்து வரும்? குடும்ப மானத்துக்காகச் சொல்லப்பட்ட அந்த ஒரு பொய் ஓர் உயிரின் விலையாகிப் போயிருக்கும். வைத்தியர் அந்தக் கேள்வியைக் கேட்பது பத்வா கொடுப்பதற்காக அல்ல. மயக்க மருந்தின் அளவு, வலிக் குளிசையின் அளவு எல்லாம் அந்தப் பதிலில் தங்கியிருக்கின்றன. நாம் கேட்காமலே விழுங்கும் பனடோல்கூட, அதிகமாகக் குடிக்கும் ஒருவருடைய ஈரலுக்கு மற்றவர்களைவிட விரைவில் நஞ்சாகலாம். செங்கமாரி என்றதும் கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டு, கண்ணின் மஞ்சள் இறங்கும் வரை காத்திருக்கும் வழக்கமும் அப்படித்தான். மஞ்சள் எதனால் வந்தது என்று தெரியாமல் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஈரலுக்கு இழப்பு.

அந்த மனிதர் அதன் பிறகு குடிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாகிவிட்டன. கிளினிக்கில் அவருடைய ஈரல் பரிசோதனைகள் ஒழுங்காகிவிட்டன என்று சொன்னார்களாம். ஆனால் மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம் "குடிகாரனின் மகள்" என்ற ஒரு சொல்லில் நின்றுபோனது. அந்த ஈரல் ஆறு மாதத்தில் மறந்ததை ஊர் இரண்டு ஆண்டுகளாகியும் மறக்கவில்லை. வாட்டில் உண்மையைச் சொல்லி வாப்பாவைக் காப்பாற்றிய பிள்ளைக்கு நாம் கொடுத்த பரிசு அதுதான்.

இப்படி ஒரு முடிவைக் கண்ணால் கண்ட பிறகு, அடுத்த வீட்டுப் பிள்ளை வாட்டில் வாய் திறக்குமா? ஒருவர் விட்ட பிறகும் அவரைக் குடிகாரன் என்றே அழைத்தால், விடுவதால் அவருக்கு ஊரில் கிடைத்தது என்ன? மானம் ஏற்கெனவே போய்விட்டது, திரும்பியும் வராது என்று கண்டவருக்குப் போத்தலும் பழைய கூட்டாளிகளும் மட்டுமே மிஞ்சுகிறார்கள்.

இரண்டு மறுப்புகள்

என் கருத்துக்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். ஈரல் குணமாகும் என்று பத்திரிகையில் எழுதினால் இருக்கிற பயமும் போய்விடும், "குடித்துவிட்டுப் பிறகு விடலாம்" என்று இளைஞர்கள் நினைப்பார்கள் என்பது ஒன்று. நியாயமான கவலைதான். ஆனால் ஈரலைப் பற்றிய முழு உண்மையும் அந்த நினைப்புக்கு இடம் கொடுக்காது. ஈரல் வலிக்காத உறுப்பு. முதற் படியில் நிற்கிறோமா, மூன்றாம் படிக்கு வந்துவிட்டோமா என்று குடிப்பவருக்கே தெரியாது. வயிறு வீங்கிய அன்றுதான் பலருக்குத் தெரியவருகிறது. திரும்ப முடிகிற எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாத வீதியில், பிறகு திரும்பலாம் என்று யார் ஓடுவார்? மது ஈரலை மட்டும் தாக்குவதும் இல்லை. புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் அது 1988 முதல் இருக்கிறது. எந்தச் சிறிய அளவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாதென 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. பயம் தொடங்காதவரைத் தடுக்கலாம். தொடங்கியவரை விடச்செய்ய நம்பிக்கையும் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, பாவத்தை இலேசாக்குகிறாய் என்பது. மது விலக்கப்பட்ட வரலாற்றைப் படித்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன். அந்தத் தடை ஒரே நாளில் இறங்கவில்லை, படிப்படியாக இறங்கியது. மதுவில் ஊறிப்போயிருந்த ஒரு சமூகத்துக்கு அல்லாஹ்வே அவகாசம் கொடுத்தான். குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சொன்ன செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. அங்கே தண்டனை தண்டனையாகவே இருந்தது, ஆனால் மனிதரைக் கைவிடவில்லை. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் நாம் கற்க வேண்டியது.

இதை வைத்து யாரும் பெண்கள் எல்லாவற்றையும் பொறுத்துப் போக வேண்டும் என்று சொல்லிவிடக் கூடாது. விட்டவருக்கு அவகாசம் கொடுப்பது வேறு, குடித்துவிட்டு அடிப்பவரிடம் அடிவாங்கிக்கொண்டு இருப்பது வேறு. அடி விழும் வீட்டில் முதல் வேலை உம்மாவும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போவது. பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற இலக்கங்கள் அதற்காகவே இருக்கின்றன. ஒருவருடைய குடிக்கு அவருடைய மனைவியோ மகளோ காரணமும் இல்லை, பொறுப்பும் இல்லை.

குடிக்காத ஈரலும் கொழுக்கும்

"எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை, ஆகவே ஈரல் பற்றி எமக்கு என்ன" என்று இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு செய்தி. ராகமையில் 2007 இல் தொடங்கிய பெரிய சுகாதார ஆய்வு ஒன்றில், 35 முதல் 64 வயதுக்கு உட்பட்டவர்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மதுவோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. கூடிய நிறை, நீரிழிவு, உடலுழைப்புக் குறைவு என்பவை அதன் கூட்டாளிகள். மூன்று கரண்டிச் சீனி போட்ட தேநீர் ஒரு நாளைக்கு நான்கு முறை, விருந்தென்றால் புரியாணியும் வட்டிலப்பமும் மேலே ஒரு சோடாவும் என்று வாழும் நாம், குடிப்பவருடைய ஈரலை மட்டும் கை நீட்டிக் காட்ட முடியாது. மதுவால் வந்ததானாலும் சீனியால் வந்ததானாலும் கொழுப்பு ஈரல் முற்றினால் வடுவில்தான் போய் முடியும். நிறையைக் குறைத்து நடக்கத் தொடங்கினால் இதுவும் இறங்கும். எல்லாருடைய ஈரலுக்கும் அவகாசம் தேவைப்படுகிறது என்று தெரிந்தால், அடுத்தவரைப் பார்க்கும் பார்வையில் கொஞ்சம் பணிவு வரும்.

நாம் செய்யக் கூடியவை

பெரிய திட்டங்களைச் சொல்லும் வயது எனக்கில்லை. எங்கள் ஊரில், எங்கள் வீட்டில் முடிகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

வைத்தியசாலையில் உண்மையைச் சொல்வோம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று மூன்று மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. நேரில் போகத் தயங்குபவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம். வாயால் சொல்ல வெட்கமென்றால் ஒரு துண்டில் எழுதித் தாதியிடம் கொடுக்கலாம்.

பள்ளிவாசல்களின் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜும்ஆ மேடையில் மதுவின் தீமை சொல்லப்படும்போது, அதை விட எங்கே போகலாம் என்பதும் ஒரு வசனமாகச் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். விட விரும்பும் ஒருவர் வந்தால், அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக நம்பிக்கையான இருவர் ஒவ்வொரு ஜமாஅத்திலும் இருக்க வேண்டும். பெருநாளுக்கு அடுத்த கிழமை அவரைத் தேடிப்போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரவும் வேண்டும். மாலை நேரத்தில் செய்ய ஒரு பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். குடியின் நேரம் மாலைதான், அந்த நேரம் வெறுமையாக இருந்தால் கால் பழைய வழிக்கே போகும்.

விட்டவர் ஒருமுறை தவறிவிட்டால் "இதுதான் இவன்" என்று முடிவு கட்டாதிருப்போம். பலருக்கு முதல் முயற்சியில் கைகூடுவதில்லை. மதுவில்லாமல் போன ஒவ்வொரு மாதமும் ஈரலுக்கு ஒரு நல்ல மாதம், இடையில் ஒரு முறை தவறினார் என்பதற்காக மீண்டும் முயல்வது வீணாகிவிடாது.

பெற்றோர்களே, சம்பந்தம் பேசும்போது பெண்ணைப் பாருங்கள். அவளுடைய வாப்பா எதை விட்டார் என்று விசாரிக்க முடிகிற உங்களால், எப்போது விட்டார் என்றும் விசாரிக்க முடியும். சகோதரிகளே, உங்கள் வாங்கில் இருப்பவள் வீட்டுக் கதையைச் சொன்னால், அது அடுத்த வாங்குக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகத் தாங்க முடியாததை ஆலோசனை ஆசிரியையிடம் சொல்ல அவளுடன் கூடப் போங்கள்.

கொழுப்பு ஈரல் இறங்க ஆறு வாரம் போதும். ஒரு பட்டப்பெயரை நிறுத்த ஒரு நாளும் தேவையில்லை, இன்றைக்கே முடியும். தௌபாவின் வாசலை அல்லாஹ் திறந்து வைத்திருக்கிறான். அந்த வாசலுக்குப் போகும் வழியில் நாம் முள்வேலி போடாதிருப்போம். விட முயலும் ஒவ்வொருவருக்கும் உறுதியையும், அவர்களுக்காகப் படலையைப் பார்த்திருக்கும் வீடுகளுக்கு ஆறுதலையும் வல்ல நாயன் அருள்வானாக.